சீர் மூட்டையில் கடை அரிசி

என் தாய்மாமன் எங்கள் அம்மாவின் பங்கு நிலத்தை விழுங்கினார். விழுங்கிய வாயைத் துடைத்துக்கொண்டு வருஷா வருஷம் பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தார். ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் செய்ய முடியும் என்று கேட்கிறவர்கள் எங்கள் குடும்பத்தில் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

மாமா செகந்திராபாத்தில், மெட்டுகுடாவில் சொந்த வீட்டில் இருக்கிறார். நானும் அம்மாவும் ஹப்சிகுடாவில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். என் புருஷன் சாகவில்லை, ஆனால் போய்விட்டான். அது வேறு கதை, அதை எழுதினால் பேப்பர் நாறும். போகிக்கு முந்தின நாள் காலையில் கீழே ஆட்டோ வந்து நிற்கும். இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். தார்நாகா சிக்னலில் எத்தனை பைக் ஓட்டுகிறவனிடம் திட்டு வாங்கியிருப்பாரோ, முகம் கடுகடு என்று இருக்கும். எங்கள் பில்டிங்கில் லிஃப்ட் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அது வேலை செய்து நான் பார்த்ததில்லை. கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், புடவை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏறுவார். கடைசியாக அரிசி மூட்டை. நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனால், "நக்கோ, நக்கோ, வேணாம், சீர் வாங்குறவங்க தூக்கக்கூடாது" என்பார். எழுபது தாண்டிய மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டு படியில் நிற்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும்.

அந்த அரிசி தாத்தா நிலத்து அரிசி. தாத்தா ரயில்வேயில் ஃபிட்டர். ஆரணிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, ரிட்டயர் ஆகும்போது வந்த பணத்தில் கட்கேசர் தாண்டி நாலு ஏக்கர் வாங்கினார். ஊரிலிருந்து வந்தவன் ஊரில் வாங்காமல் இங்கே வாங்கினானே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்களாம். இன்று அந்தப் பக்கம் ரிங் ரோடு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய பிறகு அதே சொந்தக்காரர்கள் சிரிப்பதில்லை. போன் பண்ணி நலம் விசாரிக்கிறார்கள்.

தாத்தா உயில் எழுதவில்லை. பிள்ளை ஒன்று, பெண் ஒன்று. அவர் செத்ததும் மாமா கிராமத்து ஆபீசுக்குப் போய் நிலத்தைத் தன் பேருக்கு மட்டும் மாற்றிக்கொண்டார். தங்கை என்று ஒருத்தி இருப்பதை அங்கே யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. குத்தகைக்கு ஒரு தெலுங்குக் குடும்பம் பயிர் வைக்கிறது. அறுவடை முடிந்ததும் மாமாவின் பங்கு மூட்டைகளாக மெட்டுகுடாவுக்கு வரும். அதில் ஒன்று எங்கள் வீட்டுக்குச் சீராக ஏறும்.

நான் பாலாநகரில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். போல்ட் ஒன்று குறைந்தால்கூடக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டேன். எனக்கு வாய்த்த அம்மாவோ இரண்டு ஏக்கர் காணாமல் போனதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமா படியிறங்கியதும் எங்களுக்குள் சண்டை ஆரம்பிக்கும், பொங்கல் வரைக்கும் ஓயாது. நான் கேஸ் போடு என்பேன். அவள் பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருப்பாள்.

"அரிசி வருதில்ல? வர்ற வரைக்கும் அது எங்க ரெண்டு பேரு நெலந்தான். நீ சும்மா இருடி."

அவளுடைய சட்டம் அவ்வளவுதான். சீர் கொண்டுவருகிற அண்ணன் மேல் எந்தத் தங்கையும் கோர்ட்டுக்குப் போக மாட்டாள், போனால் கோயிலில் பார்க்கிற பொம்பளைகள் கையைக் கொட்டிச் சிரிப்பார்கள். செகந்திராபாத் தமிழர்களுக்கு இது ஒரு வியாதி. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், பிள்ளைகள் பாதித் தமிழை மறந்துவிட்டன, ஆனால் யார் வீட்டுக்கு யார் அண்ணன் எத்தனை கரும்பு கொண்டுவந்தான் என்பது மட்டும் ஒரு தெருவுக்கும் மறக்காது.

இப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு மாமாவின் பிள்ளை வந்தான். கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயசில் எங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன். அம்மாவை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு ஸ்டாம்ப் பேப்பரை எடுத்தான். நிலத்தை வாங்க ஆள் வந்திருக்கிறது, வாங்குகிறவன் சொந்தக்காரர்களின் கையெழுத்துக் கேட்கிறான், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றான். பேப்பர் இங்கிலீஷில் இருந்தது. நான் படித்தேன். அம்மா தன் உரிமை எல்லாவற்றையும் அன்பின் காரணமாக அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று இருந்தது. அன்பு என்ற வார்த்தையை அவ்வளவு கேவலமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அம்மா கையெழுத்துப் போடவில்லை. கோபமும் படவில்லை. கண்ணாடி உடைந்திருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றாள். கண்ணாடி அவள் மூக்கின் மேலேயே இருந்தது.

அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. தாத்தா செத்து எவ்வளவோ வருஷமாகிவிட்டது, அத்தைக்கு இனிமேல் கேட்கிற டைம் இல்லை, கையெழுத்து வாங்குவது மரியாதைக்காகத்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். படியிறங்கும்போது லிஃப்ட் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். எனக்கு அதுவும் சந்தோஷம்.

அடுத்த பொங்கலுக்கு மாமா வந்தார். எல்லாம் இருந்தது. கரும்பு, மஞ்சள், வெல்லம், புடவை, மூட்டை. மூட்டையை அடுப்படி ஓரத்தில் இறக்கிவிட்டு, வழக்கமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்து அரசியல்வாதிகளைத் திட்டுகிறவர், நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஆட்டோ வெயிட்டிங் என்றார். ஆட்டோ போய் அரை மணி ஆகியிருந்தது.

அம்மா மூட்டையைப் பார்த்தாள். பழைய சணல் சாக்குதான், ஒவ்வொரு வருஷமும் வருகிற மாதிரி. ஆனால் தையல் வேறு. குத்தகைக்காரர் வீட்டில் கோணி ஊசியால் நெருக்கமாகத் தைப்பார்கள். இது ஆம்பளை தைத்த மாதிரி கோணல்மாணலாக இருந்தது. பிரித்து ஒரு கை அரிசி அள்ளினாள். கிராமத்து மில்லில் அரைத்த அரிசி கொஞ்சம் பழுப்பாக இருக்கும், தவிடு கையில் ஒட்டும், நொய் இருக்கும், ஒன்றிரண்டு கல்லும் இருக்கும். இது பளபள என்று இருந்தது. அம்மா சாக்கின் வாயைக் கட்டினாள். பொங்கலன்று அதையே பானையில் போட்டாள். புது அரிசி என்றால் நுரைத்துக்கொண்டு வரும், குழையும். இது பொங்கவும் இல்லை, குழையவும் இல்லை. வெல்லப்பாகில் சோறு உதிரி உதிரியாக நின்றது. ஒரு வருஷம் கிடங்கில் கிடந்த கடை அரிசி.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. நிலத்து விளைச்சலை இனிமேல் அத்தைக்குக் கொடுக்காதே என்று பிள்ளையோ அவனுடைய வக்கீலோ சொல்லியிருக்க வேண்டும். மாமாவுக்கு நிறுத்தவும் முடியவில்லை, மூட்டை இல்லாமல் தங்கை வீட்டுப் படியேறவும் முடியவில்லை. கடையில் அரிசி வாங்கி, பழைய சாக்கில் கொட்டி, உட்கார்ந்து தைத்துக் கொண்டுவந்திருக்கிறார். திருடுவதற்குக்கூட இவ்வளவு பாடுபட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நாளைக்கு வக்கீலப் பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். எத்தனையோ வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு மூட்டை சோனா மசூரி செய்து முடித்தது.

எங்கள் வக்கீல் ஒரு தெலுங்கு அம்மா. வயதானவர், கோர்ட் வாசலில் மிர்ச்சி பஜ்ஜி தின்றுகொண்டே கட்சிக்காரர்களோடு பேசுவார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். காலம் கடந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் அம்மாவிடம் அரிசியைப் பற்றித்தான் விசாரித்தார். எந்த வருஷம் நின்றது, அதற்கு முன்னால் ஒரு வருஷமாவது வராமல் இருந்ததா என்று. பிறகு எனக்கு விளக்கினார். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவித்தால் இன்னொருவருக்காகவும் சேர்த்துத்தான் அனுபவிக்கிறார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உனக்கு ஒன்றும் இல்லை, வெளியே போ என்று வெளிப்படையாகத் தள்ளிய நாளிலிருந்துதான் பன்னிரண்டு வருஷக் கெடு ஓட ஆரம்பிக்கும். பேப்பரில் பேர் மாற்றியது மட்டும் தள்ளியது ஆகாது. விளைச்சலில் பங்கு வந்துகொண்டிருந்தது என்று நிரூபித்தால் கெடு என்ற பேச்சே இல்லை.

பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டு அம்மா சொன்னதும் இதுதான். நான் அதை அம்மாவிடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளப் போவதும் இல்லை.

சிக்கல், நிரூபிப்பது எப்படி என்பது. அண்ணன் கொடுத்த அரிசிக்கு எந்தத் தங்கை ரசீது வாங்குகிறாள்? குத்தகைக்காரர் மாமாவின் நிலத்தில் பிழைக்கிறவர், வாயைத் திறக்கமாட்டார். இருந்தாலும் கேஸ் போட்டோம். மாமா தரப்பு கோர்ட்டில் கொடுத்த பதிலைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தகப்பனார் இறந்த உடனேயே தங்கையின் பாத்தியதை மறுக்கப்பட்டது, நிலத்திலிருந்து அவருக்கு எந்தக் காலத்திலும் ஒரு மணி அரிசிகூடப் போகவில்லை, அது அவருக்கும் நன்றாகத் தெரியும், கெடு முடிந்துவிட்டது என்று இருந்தது. அதாவது, மாமா கேஸ் ஜெயிக்க வேண்டும் என்றால் தான் ஒரு கேடுகெட்ட அண்ணன் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அப்பனைப் புதைத்த கையோடு தங்கையை வெளியே தள்ளினேன் என்று சத்தியம் பண்ண வேண்டும்.

பிறகு வாய்தா. ஜட்ஜ் லீவ், ஜட்ஜ் மாறிவிட்டார், எதிர் வக்கீலின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, வக்கீல்கள் ஸ்டிரைக். அந்த மாமியார் ஒரு கேஸ் முடிவதற்குள் எத்தனை தடவை ஆஸ்பத்திரியில் படுத்தார் என்று நினைத்தால் அந்த அம்மாள் மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது. ஃபேக்டரியில் என் லீவெல்லாம் கோர்ட் பெஞ்சில் தீர்ந்தது. அம்மா முழங்கால் வலியோடு வருவாள். மாமாவும் வருவார். வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சு. பேசமாட்டார்கள். ஆனால் டீக்காரன் வந்தால் மாமா அம்மா பக்கம் கையைக் காட்டுவார், சர்க்கரை இல்லாத டீ ஒன்று இங்கே வந்துவிடும். நான் குடிக்க விடமாட்டேன் என்பேன். அவள் குடித்துவிடுவாள்.

கேஸ் நடக்கும்போதே பொங்கலும் வந்தது. பிரதிவாதி வாதியின் வீட்டுக்குக் கரும்போடு வந்தார். கடை அரிசி மூட்டையோடும்தான். அம்மா புடவையை வாங்கிக்கொண்டு அவர் கையால் விபூதி பூசிக்கொண்டாள். அரிசியை வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். நான் இதை வக்கீல் அம்மாவிடம் சொல்லி எரிந்து விழுந்தேன். கடையில் வாங்கியதைச் சாக்கு மாற்றித் தைக்கிற அளவுக்கு அந்த ஆளுக்கு மானம் இருக்கிறது, நியாயம் மட்டும் இல்லை என்றேன். அவர் பஜ்ஜியை நிறுத்திவிட்டு, அந்தச் சாக்கு விஷயத்தை இன்னொரு தடவை சொல்லு என்றார்.

மாமாவைக் கூண்டில் ஏற்றினார்கள். வெள்ளைச் சட்டை, புது விபூதி. பின்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தான். தன் வக்கீல் சொல்லிக்கொடுத்ததை மாமா ஒப்பித்தார். தங்கைக்கு நிலத்தில் ஒன்றும் இல்லை, ஒன்றும் கொடுத்ததும் இல்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோவது உண்டு, அது அண்ணன் முறைக்கு. இதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வக்கீல் அம்மா எழுந்தார். நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. சீரைப் பற்றிக் கேட்டார். சீரில் அரிசி உண்டா, உண்டு. எவ்வளவு, ஒரு மூட்டை. சரி, அந்த அரிசியை எல்லா வருஷமும் பஜாரில் மலிவாகக் கிடைக்கிற கழிவு அரிசியாகப் பார்த்து வாங்கி, தங்கைக்குத் தெரியாமல் இருக்கப் பழைய சாக்கில் மாற்றித் தைத்துக் கொண்டுபோனீர்கள், அப்படித்தானே என்றார்.

மாமா சுவரைப் பார்ப்பதை நிறுத்தினார். அவருடைய வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். மாமா அவரைக் கையால் உட்காரச் சொன்னார். அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கழிவு அரிசியா? என் தங்கச்சிக்கா? எங்கப்பா நெலத்துல வெளஞ்ச புது அரிசிம்மா. அவரு செத்ததுலேந்து ஒரு வருஷம் விட்டதில்ல, என் முதுகுல தூக்கினு போயி எறக்கியிருக்கேன். இவனுங்க பேச்சக் கேட்டு இப்பத்தான் கடைல வாங்கினேன். அந்த நெலத்துல வெளஞ்சத அவளுக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுப்பேன்?"

இவனுங்க என்று சொல்லும்போது விரல் பின்பெஞ்சைக் காட்டியது. ஜட்ஜ் டைப் அடிக்கிறவரிடம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். எதிர் வக்கீல் தன் ஃபைலை மூடினார். பிள்ளை போனைப் பார்த்தான். எங்கள் வக்கீல் அம்மா, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. அம்மாவோ வக்கீல் அம்மாவிடம் சண்டைக்குப் போனாள். கழிவு அரிசி கொடுத்தான் என்று சபையில் அண்ணனை எப்படிச் சொல்லலாம், அவர் எந்தக் காலத்தில் அப்படிக் கொடுத்தார் என்று கேட்டாள். உன் அண்ணனும் அதைத்தான் அம்மா சொன்னார், அதனால்தான் நீ ஜெயிக்கப் போகிறாய் என்றார் அவர். அம்மாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. ஆட்டோவில் தார்நாகா வரைக்கும் என்னையும் சேர்த்துத் திட்டினாள்.

தீர்ப்பு வந்தது. பாதி நிலம் அம்மாவுடையது, அளந்து பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று. பிள்ளை மாமாவிடம் கையெழுத்து வாங்கி அப்பீல் போட்டான். அளப்பது நின்றுபோனது. மாமியாருக்கு மறுபடியும் உடம்பு சரியில்லாமல் போகிற காலம் வரப்போகிறது என்று புரிந்தது. அம்மாவுக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது, அப்பீலுக்கு வயசு இல்லை.

அதற்கடுத்த பொங்கலுக்கு மாமா வந்தார். சாக்கில் நெருக்கமான தையல். பிரிக்காமலேயே தவிட்டு வாசனை வந்தது. மூட்டையை இறக்கிவிட்டு, "நெலத்துதுதான் பாப்பா, புதுசு" என்றார். எழுபதை நெருங்குகிற அம்மாவை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். நல்லது நடந்துவிட்டது என்ற மாதிரி சோபாவில் சாய்ந்து காபி கேட்டார்.

அம்மா மூட்டையைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"அண்ணா, கரும்பு சீரு. பொடவ சீரு. அரிசி அப்பா நெலத்து வெளச்சல்னு கோர்ட்ல நீதான சொன்ன? பாதி எனக்குன்னு தீர்ப்பு. இது பாதியா?"

மாமா காபியை வாயருகே வைத்தபடி இருந்தார். அப்பீல் இருக்கிறது என்று முனகினார்.

"அப்பீல் உன் புள்ளைது. நான் உன்னக் கேக்குறேன். இது பாதியா?"

நான் குறுக்கே பேசவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். மாமா காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாவை ஒரு தடவை பார்த்தார். இறங்கிப் போனார். இனிமேல் சீரும் கிடையாது, டீயும் கிடையாது என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பொங்கலன்று பானை பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

கனுவுக்கு மறுநாள் கீழே ஒரு டிராலி ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் மாமா. பின்னால் மூட்டைகள். இரண்டு கூலிக்காரர்களைப் பிடித்துவந்திருந்தார். மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. அவர்கள் தெலுங்கில் எங்கள் பில்டிங்கைக் கட்டினவனின் பரம்பரையையே இழுத்தார்கள். ஹாலில் டி.வி.யை மறைத்து அடுக்கினார்கள், பிறகு என் அறையில் கட்டிலின் காலடியில், பிறகு பாத்ரூம் போகிற வழியில். கடைசி மூட்டையை மாமா தானே முதுகில் சுமந்து வந்து இறக்கினார். இது மட்டும் சீர், மத்ததெல்லாம் உன்னுது என்றார். உட்காரச் சொன்னோம், உட்கார இடமில்லை.

வக்கீல் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரமானது. ஒன்றையும் விற்காதே, முதலில் போட்டோ எடுத்து வை என்றார். எடுத்தேன். அதில் அம்மா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பீல் இன்னும் நடக்கிறது. பிள்ளை எங்களோடு பேசுவதில்லை, அவனுடைய அப்பாவோடும் பேசுவதில்லை. எங்கள் வீடு முழுக்க வண்டு. பருப்பு டப்பாவில் வண்டு, தலையணையில் வண்டு, ஆபீஸ் பையைத் திறந்தால் வண்டு. பக்கத்து வீட்டுக்கும் வாட்ச்மேனுக்கும் அள்ளிக் கொடுக்கலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறாள். தினமும் காலையில் ஒரு மூட்டையைப் பிரித்து, பால்கனியில் பேப்பர் விரித்து, வேப்பிலை போட்டுக் காயவைத்து மறுபடியும் கட்டுகிறாள். முழங்கால் வலி என்று கோர்ட்டுக்கு வர அழுதவள் மூட்டையை இழுத்துக்கொண்டு போகிறாள். நான் பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள். தன்னுடையது, தானே தூக்குவாளாம்.